ஒரே கம்பியில் இரண்டு விலாசம்

ஜெர்மனியிலோ பிரான்சிலோ இருக்கும் ஒரு தரவு மையத்தில் மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்திருக்கிறீர்கள். ரேக்கில் அடுக்கிய பல நூறு பெட்டிகளில் அதுவும் ஒன்று. அதன் முதுகிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் கேபிள் ஒன்றே ஒன்றுதான். சர்வருக்கு ஒரு பொது ஐபி முகவரி உண்டு, 203.0.113.10 என்று வைத்துக்கொள்வோம். (203.0.113 என்று தொடங்கும் முகவரிகள் எந்த நிறுவனத்துக்கும் கிடையாது. கையேடுகளிலும் இதுபோன்ற கட்டுரைகளிலும் எழுதிக் காட்டுவதற்கென்றே 2010-இல் அவற்றை ஒதுக்கி வைத்தார்கள்.) சர்வரில் லினக்ஸ் ஓடுகிறது. அதன் மேல் கேவிஎம் என்ற மெய்நிகராக்க வசதி வழியாக ஒரு மெய்நிகர் கணினி ஓடுகிறது. இனி அதை விஎம் என்றும், அதைத் தாங்கும் சர்வரை ஹோஸ்ட் என்றும் சொல்வோம். துறையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த விஎம்முக்கு 203.0.113.20 என்று தனியாக இன்னொரு பொது முகவரி வேண்டும்.

எதற்குத் தனி முகவரி? பல நேரம் மின்னஞ்சலுக்காக. அனுப்புகிற முகவரியின் பழைய நடத்தையைப் பார்த்துத்தான் பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் ஒரு மடலை உள்ளே விடுகின்றன. ஹோஸ்டில் ஓடும் ஏதோ ஒரு இணையதளத்துக்குள் திருடன் புகுந்து அங்கிருந்து ஸ்பாம் கிளம்பினால், அந்த முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். அதே முகவரியை நம்பியிருந்த அஞ்சல் சேவையும் சேர்ந்து மூழ்கும். அஞ்சல் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் 25-ஆம் எண் போர்ட்டும் ஒரு முகவரிக்கு ஒன்றுதான். முகவரிக்கு உரிய பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவும் நடைமுறையில் ஒன்றுதான்.

முகவரி சும்மா கிடைப்பதில்லை. 1981-இல் வரையறுத்த ஐபி நான்காம் பதிப்பில் முகவரிக்கு 32 பிட். மொத்தமே 429 கோடி சொச்சம் எண்கள். உலகக் கையிருப்பின் கடைசிக் கட்டுகளை 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து மண்டலப் பதிவகங்களுக்கும் பிரித்துக் கொடுத்து முடித்துவிட்டார்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் எல்லாம் அடங்கிய ஆசிய பசிபிக் மண்டலத்தில் புதிதாக வரும் ஒரு நிறுவனத்துக்கு இன்று அதிகபட்சம் 512 முகவரிகள்தான் தருகிறார்கள். அமேசான் 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. மாதம் மூன்றரை டாலருக்கு மேல் ஆகிறது.

சரி, காசு கட்டி எண்ணையும் வாங்கியாயிற்று. விஎம்முக்குள் நுழைந்து, நெட்வொர்க் அமைப்பில் 203.0.113.20 என்று தட்டிச் சேமித்துவிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஒரு முகவரி யாருடையது என்பதை அதைத் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்ளும் கணினி தீர்மானிப்பதில்லை. கேபிளின் மறுமுனையில் இருக்கும் ரூட்டர் என்ன நம்புகிறதோ அதுதான் செல்லும். கீழே வரும் பிரிட்ஜ், ரூட்டிங், நாட் எல்லாமே அந்த ரூட்டரை நம்பவைப்பதற்கான வெவ்வேறு ஏற்பாடுகள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை குழப்பாது.

விஎம்மின் நெட்வொர்க் கார்டு என்பது என்ன? உண்மையில் அப்படி ஒரு கார்டு இல்லை. விஎம் தன் கார்டு வழியாக அனுப்புவதாக நினைக்கும் தரவுச் சட்டம் ஹோஸ்டின் நினைவகத்தில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது. ஹோஸ்டில் அது டாப் என்னும் ஒரு போலி இடைமுகத்தின் வழியே வெளிவருகிறது. இந்த உத்தி புதிதல்ல. 1972-இல் வந்த ஐபிஎம்மின் விஎம்/370-இல் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு மெய்நிகர் துளையட்டைப் பொறியும் ஒரு மெய்நிகர் அட்டைப் படிப்பானும் இருந்தன. கோப்பைப் பக்கத்து விஎம்முக்கு அனுப்ப, தன் பொறியில் ‘துளையிட்டு’ அதன் படிப்பானுக்குள் போடுவார்கள். ஒரு அட்டைகூட உண்மையில் துளைபடாது. இன்றைய விஎம் தன் ஈதர்நெட் கார்டில் செய்வதும் அதே நடிப்புத்தான்.

டாப்பில் வெளிவந்த சட்டம் அந்த ஒற்றைக் கேபிளுக்குள் எப்படி இறங்குகிறது, பதில் எப்படித் திரும்பி வருகிறது என்பதுதான் கேள்வி. போவது சுலபம்; வருவதில்தான் தகராறு.

வெளியுலகிலிருந்து 203.0.113.20-க்கு ஒரு பொட்டலம் வருகிறது. தரவு மையத்தின் ரூட்டர் அதைத் தன் கீழுள்ள ஈதர்நெட்டில் இறக்க வேண்டும். ஈதர்நெட்டுக்கு ஐபி எண் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள 48 பிட் மேக் முகவரி மட்டும். எனவே ரூட்டர் அந்தப் பகுதியில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி, ‘203.0.113.20 யார்? 203.0.113.1-க்குச் சொல்லவும்’ என்று, தன் முகவரியையும் சேர்த்து, ஒரு கேள்வியை அனுப்புகிறது. யாராவது ‘நான்தான், என் மேக் இது’ என்று பதில் சொன்னால் ரூட்டர் அதைக் குறித்துவைத்துக்கொண்டு பொட்டலத்தை அங்கே அனுப்பும். ஆர்ப் என்று அழைக்கப்படும் இந்த நெறிமுறையை 1982 நவம்பரில் டேவிட் ப்ளம்மர் எழுதினார். சொன்னவர் உண்மையில் அவர்தானா என்று சரிபார்க்க அதில் எந்த வழியும் இல்லை. அன்றைய ஈதர்நெட்டில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சோதிக்க வேண்டிய தேவை வரவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்த வெள்ளந்தித்தனத்தின் மேல்தான் தரவு மையங்கள் நிற்கின்றன. நம் வேலைக்கு அது உதவியும் செய்கிறது, உபத்திரவமும் செய்கிறது.

பலர் முதலில் செய்வது, இரண்டாவது முகவரியை ஹோஸ்டின் கார்டிலேயே கூடுதலாகச் சேர்ப்பது. முகவரி ஹோஸ்டுக்கு வந்தால்தானே விஎம்முக்குக் கொடுக்க முடியும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சேர்த்த நொடியில் ரூட்டரின் கேள்விக்கு ஹோஸ்ட் ‘நான்தான்’ என்று பதில் சொல்லிவிடும். பொட்டலம் வரும், ஹோஸ்ட் அதைத் தனக்கே என்று எடுத்துக்கொள்ளும், விஎம்மை எட்டாது. லினக்ஸ் முகவரியைக் கார்டின் உடைமையாகப் பார்ப்பதில்லை, முழுக் கணினியின் உடைமையாகப் பார்க்கிறது என்பதால், எந்தக் கார்டில் சேர்த்தாலும் இதே கதைதான். விஎம்முக்கு உரிய எண்ணை ஹோஸ்ட் எங்கேயும் தன் பெயரில் வைத்திருக்கக் கூடாது. நாட் வழியில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு, அது பின்னால்.

சரியான வழிகளில் முதலாவது பிரிட்ஜ். ஹோஸ்டுக்குள் மென்பொருளால் ஆன ஒரு ஸ்விட்ச் அமைத்து, உண்மைக் கார்டை அதன் ஒரு போர்ட்டிலும், விஎம்மின் டாப் இடைமுகத்தை இன்னொரு போர்ட்டிலும் மாட்டிவிடுவது. அதன்பின் விஎம்மும் தரவு மையத்தின் ஈதர்நெட்டில் நேரடியாகக் கேபிள் மாட்டிய கணினிபோல ஆகிவிடுகிறது. ரூட்டரின் கேள்வி அதன் காதில் விழுகிறது. தன் சொந்த மேக்கைச் சொல்லி அதுவே பதில் சொல்கிறது. கேவிஎம்மில் இந்த மேக் வழக்கமாக 52:54:00 என்று தொடங்கும். முதல் எண்ணில் ஒரு பிட், ‘இது எந்தத் தொழிற்சாலையிலும் பதித்ததல்ல, இங்கேயே வைத்துக்கொண்டது’ என்று அறிவிக்கிறது.

பிரிட்ஜ் போடும்போது ஹோஸ்டின் சொந்த முகவரியைக் கார்டிலிருந்து எடுத்து பிரிட்ஜின் மேல் வைக்க வேண்டும். பிரிட்ஜுக்குள் போன கார்டு வெறும் ஒரு போர்ட்; அதற்கு இனி முகவரி தேவையில்லை. இதைத் தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாகச் செய்பவர், உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிறார். முதல் கட்டளை முடிந்ததும் இணைப்பு போய்விடும், இரண்டாவது கட்டளையைத் தட்ட ஆளிருக்காது. எல்லா மாற்றங்களையும் ஒரே கோப்பில் எழுதி ஒன்றாக இயக்குவதும், சில நிமிடங்களில் பழைய அமைப்புக்குத் தானே திரும்பும்படி ஏற்பாடு செய்துகொள்வதும் அனுபவசாலிகளின் வழக்கம்.

இன்னொரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. லினக்ஸ் பிரிட்ஜுக்கென்று மேக் எதையும் நாம் குறிப்பிடாவிட்டால், தன்னுள் மாட்டிய போர்ட்டுகளின் மேக்குகளில் எது சிறிய எண்ணோ அதையே தனக்கு வைத்துக்கொள்ளும். ஒரு விஎம்மைத் தொடங்கும்போது அதன் டாப் சிறிய எண்ணோடு வந்து சேர்ந்தால் பிரிட்ஜின் மேக் மாறிவிடும். ரூட்டரோ பழைய மேக்குக்கே அனுப்பிக்கொண்டிருக்கும், ஹோஸ்ட் தொடர்பு திக்கும். விஎம்மைத் தொடங்கினால் ஹோஸ்ட் ஏன் தடுமாறுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். இதைத் தவிர்க்க, லிப்வர்ட் என்னும் மேலாண்மை மென்பொருள் ஹோஸ்டின் பக்கம் இருக்கும் டாப்பின் மேக்கை ‘எஃப்இ’ என்று தொடங்கும்படி மாற்றி வைக்கிறது. பதினாறடிமான எண்முறையில் அது 254, ஏறக்குறைய உச்சம். ஆகவே போட்டியில் எப்போதும் உண்மைக் கார்டே வெல்லும். எங்கோ எப்போதோ யாரோ பட்ட பாட்டின் பலன் இந்த இரண்டு எழுத்து.

உங்கள் சொந்த அலுவலகத்தில், உங்கள் சொந்த ஸ்விட்சில், பிரிட்ஜை மிஞ்ச எதுவும் இல்லை. வாடகைத் தரவு மையத்தில் கதை வேறு. அங்கே உங்கள் கேபிள் சொருகியிருக்கும் போர்ட்டில் ஒரு மேக் மட்டுமே வர வேண்டும் என்று ஸ்விட்ச் எதிர்பார்க்கிறது. திடீரென்று 52:54:00 என்று ஓர் அந்நியன் பேசத் தொடங்கினால், சில இடங்களில் அந்தச் சட்டங்களை மட்டும் சத்தமில்லாமல் எறிந்துவிடுவார்கள்; சில இடங்களில் எச்சரிக்கை மடல் வரும்; சில இடங்களில் போர்ட்டையே அணைத்துவிடுவார்கள். இது கெடுபிடி அல்ல. ஆர்ப்பில் யார் வேண்டுமானாலும் எந்த முகவரியையும் உரிமை கொண்டாடலாம் என்பதால், அடுத்த பெட்டியில் இருக்கும் வாடிக்கையாளரை உங்களிடமிருந்து காப்பாற்ற அவர்களுக்கு வேறு வழியில்லை. ஜெர்மனியின் ஹெட்ஸ்னர், பிரான்சின் ஓவிஎச் போன்றவர்கள் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். கூடுதல் முகவரிக்கென்று ஒரு மேக்கைத் தங்கள் பக்கத்தில் பதிந்து உங்களுக்குத் தருவார்கள். விஎம்மின் கார்டில் அதையே எழுத்துப் பிசகாமல் வைத்தால் பிரிட்ஜ் வேலை செய்யும்.

வைஃபையில் பிரிட்ஜ் வேலை செய்யாததற்கும் காரணம் ஏறத்தாழ இதுவே. மடிக்கணினி வைஃபை நிலையத்துக்கு அனுப்பும் சட்டத்தில் ‘அனுப்புபவர்’ என்பதும் ‘மூலம்’ என்பதும் ஒரே கட்டத்தில் அடங்குகின்றன. வேறொருவருக்காக அனுப்புகிறேன் என்று எழுத அங்கே இடமே இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் வைஃபையில் பிரிட்ஜ் தருவதாகச் சொல்லும்போது, விஎம்மின் மேக்கை அழித்து மடிக்கணினியின் மேக்கை எழுதித்தான் அனுப்புகிறது.

இரண்டாவது வழி ரூட்டிங். வாடகைச் சர்வருக்கு இதுவே சிறந்தது என்பது என் கட்சி. இதில் விஎம் தரவு மையத்தின் ஈதர்நெட்டில் தோன்றுவதே இல்லை. ஹோஸ்ட் ஒரு ரூட்டராக மாறுகிறது. 203.0.113.20 என்ற ஒற்றை முகவரிக்கு, அதாவது /32 என்று எழுதப்படும் ஒரே எண் கொண்ட வழித்தடத்துக்கு, இந்த டாப் பக்கம் போ என்று ஹோஸ்டின் வழித்தட அட்டவணையில் ஒரு வரி. பொட்டலங்களைக் கடத்தும் உரிமையைக் கெர்னலில் திறந்துவிட இன்னொரு வரி. விஎம்முக்குள் நுழைவாயிலாக ஹோஸ்டின் 203.0.113.10. அந்த நுழைவாயில் தன் சப்நெட்டுக்குள் இல்லையே என்று விஎம் முரண்டு பிடிக்கும். ‘பரவாயில்லை, அது இந்தக் கம்பியிலேயே இருக்கிறது’ என்று வழித்தடத்தில் ஒரு சொல் சேர்த்தால் லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும்.

ரூட்டரின் கேள்விக்கு இப்போது யார் பதில் சொல்வது? தரவு மையம் அந்த முகவரியை உங்கள் ஹோஸ்டின் முகவரிக்கே திருப்பிவிட்டிருந்தால், கேள்வியே எழாது. அப்படி இல்லாத இடத்தில் ப்ராக்ஸி ஆர்ப் உதவும். விஎம்முக்காக ஹோஸ்ட் தன் மேக்கைச் சொல்லி, ‘20-ஐக் கேட்கிறாயா, என்னிடம் கொடு’ என்று பதில் தருகிறது. ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கணினிகள் பல சப்நெட் என்பதைப் புரிந்துகொள்ளாமல் தவித்தபோது அவற்றுக்காகப் பயன்பட்டு, 1987-இல் எழுத்தில் பதிவான உத்தி இது. ஆர்ப்பின் வெள்ளந்தித்தனத்தை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துவது என்று சொல்லலாம். வெளியே தெரிவது எப்போதும் ஹோஸ்டின் பதிவுபெற்ற மேக் ஒன்றுதான். ஸ்விட்சுக்குப் புகார் சொல்ல எதுவும் இல்லை.

முகவரியிலும் மிச்சம் உண்டு. எட்டு முகவரிகள் கொண்ட ஒரு கட்டை சப்நெட்டாக அமைத்தால் முதல் எண்ணும் கடைசி எண்ணும் சடங்குக்குப் போய்விடும், நுழைவாயிலுக்கு ஒன்று, கையில் ஐந்து. அதே கட்டை ஹோஸ்டுக்குத் திருப்பிவிட்டு ஒவ்வொன்றையும் /32-ஆக வழிநடத்தினால் எட்டையும் எட்டு விஎம்முக்குக் கொடுக்கலாம். விலை கொடுத்து வாங்கும் பொருளில் இது சின்ன விஷயமல்ல.

பாதுகாப்பு விஷயத்திலும் பிரிட்ஜுக்கும் ரூட்டிங்குக்கும் வேறுபாடு பெரிது. ரூட்டிங்கில் விஎம்முக்குப் போகும் ஒவ்வொரு பொட்டலமும் ஹோஸ்டின் தீச்சுவரைக் கடந்துதான் போக வேண்டும். பிரிட்ஜில் அவை ஹோஸ்டின் ஐபி அடுக்கை எட்டாமல் கீழேயே நழுவிப் போய்விடும். ஹோஸ்டில் என்ன விதி எழுதியிருந்தாலும் விஎம்முக்கு அது காவல் இல்லை. எரிச்சல் தரும் ஒரு விதிவிலக்கு உண்டு. பிரிட்ஜில் போகும் சட்டங்களையும் ஐபி விதிகளுக்கு உட்படுத்தும் ஒரு கெர்னல் தொகுதி இருக்கிறது. கன்டெய்னர்களை இயக்கும் டாக்கரை அதே ஹோஸ்டில் நிறுவினால் அந்தத் தொகுதி விழித்துக்கொள்ளலாம். கூடவே டாக்கர், கடந்துபோகும் பொட்டலங்களை அனுமதியில்லாமல் விடாதே என்ற கொள்கையையும் போட்டுவைக்கும். நேற்று வரை நன்றாக இருந்த விஎம் இன்று வாய் பேசாது. விஎம்முக்குள் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது, ஏனெனில் அது அங்கே இல்லை.

மூன்றாவது வழி நாட், அதாவது முகவரி மாற்றம். ஒண்டுக்குடித்தன வீட்டில் எல்லோருடைய தபாலும் வீட்டுக்காரர் பெயருக்கு வந்து, அவர் பிரித்துக் கொடுப்பதைப் போன்றது. 1994-இல் தற்காலிக ஏற்பாடாக முன்மொழியப்பட்டது, போகவே இல்லை. லிப்வர்ட் நிறுவியதும் தானாகவே அமையும் 192.168.122 வரிசை நெட்வொர்க் இந்த ரகம். இங்கே 203.0.113.20-ஐ ஹோஸ்ட் தன் பெயரில் வைத்துக்கொண்டு, அதற்கு வருவதையெல்லாம் விஎம்மின் உள்முகவரிக்கு மாற்றி எழுதலாம். விஎம் அனுப்புவதை மறுபடி 20-ஆக மாற்றி வெளியே விடலாம். அமேசானின் மேகக் கணினிகள் இப்படித்தான் நடக்கின்றன. அங்கே ஒரு விஎம்முக்குள் போய் முகவரியைக் கேட்டால் தனியார் எண்ணைத்தான் காட்டும். தன் பொது முகவரி அதன் கார்டுக்குத் தெரியாது. இணையதளம் நடத்த இது போதும். பொட்டலத்தின் உள்ளே தன் முகவரியை எழுதி அனுப்பும் எஃப்டிபி, இணையத் தொலைபேசிக்கான சிப் போன்றவை இங்கேதான் சண்டித்தனம் செய்யும்.

எந்த வழியானாலும், முகவரியை ஹோஸ்டிலிருந்து விஎம்முக்கு மாற்றியதும் வேலை செய்யவில்லை என்றால் உடனே எதையும் திருத்தாதீர்கள். மேலே உள்ள ரூட்டர் பழைய மேக்கை நினைவில் வைத்திருக்கலாம். சிஸ்கோ ரூட்டர்களில் அந்த நினைவின் இயல்பான ஆயுள் நான்கு மணி நேரம். ஒன்றும் செய்யாமல் தூங்கப் போனவருக்கு விடிந்ததும் எல்லாம் சரியாகியிருப்பதன் ரகசியம் இதுதான். காத்திருக்க மனமில்லாதவர், கேட்காமலே ‘20 இப்போது நான்’ என்று விஎம்மிலிருந்து ஓர் ஆர்ப் அறிவிப்பை அனுப்பலாம். பெரும்பாலான ரூட்டர்கள் உடனே திருத்திக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, அதன் மேக் இப்போது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஸ்விட்சுகளுக்கு உணர்த்த, கேவிஎம்மோடு இயங்கும் க்யூஎமு இதேபோன்ற அறிவிப்பைத் தானே அனுப்பிவிடுகிறது.

அதன்பிறகும் சரியாகவில்லை என்றால் கடந்துபோகும் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஹோஸ்டின் உண்மைக் கார்டில் ஓட்டிவிட்டு, வெளியிலிருந்து 20-ஐப் பிங் செய்யுங்கள். ‘20 யார்’ என்ற கேள்வி வந்து பதில் போகவில்லையா, கோளாறு உங்கள் பக்கம். பதில் போயும் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதா, உங்கள் மேக்கை ஸ்விட்ச் மதிக்கவில்லை. பிங் பொட்டலமே வந்து, டாப்பில் மட்டும் தென்படவில்லையா, கடத்தும் உரிமையையோ தீச்சுவரையோ பாருங்கள். கேள்வியும் இல்லை, பொட்டலமும் இல்லை என்றால், அந்த முகவரி உங்கள் கம்பிக்கு வரவே இல்லை. சேவை மையத்துக்கு எழுத வேண்டியதுதான்.

ஐபி ஆறாம் பதிப்பு வந்தால் இந்தத் தலைவலி தீரும் என்பார்கள். பஞ்சம் தீரும், உண்மை. ஒரு சர்வருக்கே /64 என்று தருகிறார்கள். அதில் உள்ள முகவரிகள் 1.8-ஐப் பத்தின் பத்தொன்பதாம் அடுக்கால் பெருக்கிய அளவு, மொத்த நான்காம் பதிப்பு இணையத்தைப்போல 429 கோடி மடங்கு. ஆனால் ‘இது யார்’ என்ற கேள்வி அங்கேயும் உண்டு. ஆர்ப்புக்குப் பதிலாக அண்டை அறிதல் என்ற பெயரில் வரும். தரவு மையம் அந்த /64-ஐ உங்கள் ஹோஸ்டுக்குத் திருப்பிவிடாமல் கம்பியில் சும்மா விரித்து வைத்திருந்தால், ஒவ்வொரு விஎம்முக்காகவும் ஹோஸ்ட் பதில் சொல்ல வேண்டியிருக்கும். லினக்ஸ் கெர்னல் இதை முகவரி முகவரியாக எழுதித் தரச் சொல்கிறது. வரிசை முழுவதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல என்டிபிபிடி என்று தனியாக ஒரு நிரலை ஓட்ட வேண்டும். ஆகவே வாடகை ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது: இந்த /64 எனக்குத் திருப்பிவிடப்படுமா, அல்லது கம்பியிலேயே கிடக்குமா? பதில் சொல்லத் தெரிந்த நிறுவனத்திடம் சர்வர் எடுங்கள்.